அசோகா, நெட்டிலிங்கமா?

சாரல் காலத்தில் குற்றாலம் வருபவர்கள், தென்காசியில் ரயிலேறும் முன் மூலிகைக் கடையையும் எட்டிப் பார்ப்பதுண்டு. பெரும்பாட்டால் அவதிப்படும் பெண்களுக்கு அசோகப் பட்டை கைகண்ட மருந்து என்பார்கள் வைத்தியர்கள். ஆனால் அதில் நெட்டிலிங்கப் பட்டையைக் கலப்பது நம் நாட்டில் பழைய சங்கதி. நெட்டிலிங்கத்தையே அசோகமரம் என்று அழைப்பவர்களும் உண்டே! மரமாய் நின்றால் பூவைப் பார்த்துச் சொல்லிவிடலாம். பொடியாக இடித்தபின் யார் கண்டது?

பொடியிலும் டி.என்.ஏ. மிஞ்சியிருக்கும். அதை மின்சாரத்தால் ஆராயலாம் என்று 1960-ல் 'நேச்சர்' இதழில் காட்டினார், செக்கோஸ்லோவேகிய விஞ்ஞானி எமில் பாலெச்செக். பிறகு வந்தது அடையாளம் கட்டும் முறை. அசோகுக்கே உரிய டி.என்.ஏ. பகுதிக்கு ஜோடியான ஒற்றை இழையைத் தங்கத் தகட்டில் பதிக்க வேண்டும். பொடியிலிருந்து பிரித்துப் பெருக்கிய இழையில் ஃபெரோசீன் என்ற இரும்புச் சேர்மத்தைக் கட்டி, அதன்மேல் விட வேண்டும். பொருத்தமானால் இரண்டும் பின்னிக்கொள்ளும். பொருந்தாதது கழுவும்போது போய்விடும். பிறகு மின்னழுத்தம் கொடுத்தால் ஃபெரோசீன் எலக்ட்ரானை விடும், மின்னோட்டம் தெரியும். நெட்டிலிங்கமானால் தகடு மௌனம்! சர்க்கரை நோயாளிகள் விரலில் குத்திப் பார்க்கும் கருவியும் மின்னோட்டத்தை அளப்பதுதான்.

ஒரு சங்கடம். கஷாயமாகக் கொதித்துவிட்டால் டி.என்.ஏ. துண்டு துண்டாகிவிடும். சோதிப்பதானால் அடுப்பில் ஏற்றுமுன் சோதிக்க வேண்டும்.