லண்டனில் மூன்று மாலைகள்



மகனோ மகளோ லண்டன் மாநகரில் பணிபுரியும் குடும்பங்கள் இன்று நம்மிடையே ஏராளம். "ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போங்கள்" என்று அவர்களிடமிருந்து அழைப்பு வந்தவண்ணம் இருக்கிறது. நீங்களும் புறப்படுகிறீர்கள். உறவினர் வீட்டு விருந்துகளும் கடைவீதிகளும் போக, ஊர் பார்ப்பதற்கென்று எஞ்சுவது மூன்று அல்லது நான்கு நாள்களே. அவற்றுள் ஒரு மாலையாவது நாடகம் பார்க்கக் கழிய வேண்டும் என்று ஆவல் எழுவது இயல்பு. ஏனெனில் 'வெஸ்ட் எண்ட்' என்னும் பகுதியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் மட்டும் ஏறத்தாழ 40 நாடக அரங்குகள் உள்ளன. அத்தனைக்கும் நடுவே எதைத் தேர்ந்தெடுப்பது? தவறாகத் தேர்ந்தெடுத்துத் தவித்தவன் என்ற முறையில் சில சொல்ல விரும்புகிறேன்.

2008 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் உம்மாவை அழைத்துக்கொண்டு லண்டனிலுள்ள தங்கை வீட்டுக்குச் சென்றேன். உம்மாவுக்கு அப்போது வயது 68. அவர் கடல் கடந்தது அதுவே முதன்முறை. அதுவே கடைசி முறையும் ஆயிற்று. மாலைக்கு ஒன்றாக மூன்று நாடகங்கள் என்று நானே திட்டமிட்டேன். காலையில் விமானத்தை விட்டு இறங்கிய அன்றே, மாலை 7.30 மணிக் காட்சிக்குப் போய் அமர்ந்தோம். நாளிதழ்கள் பெரிதும் புகழ்ந்திருந்த நாடகம்தான். ஆனால் முழுவதும் விரைவான ஆங்கில உரையாடல். விலை மலிவென்று நான் வாங்கிய இருக்கைகளுக்கு முன்னே பருத்த தூண் ஒன்று நின்றது.

"என்ன வாப்பா, திரை தூக்கியதிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறார்களே! என்னதான் சண்டை இவர்களுக்கு?" என்று உம்மா மெல்லக் கேட்டார். சற்று நேரத்தில் உறங்கியும் போனார். இடையே விழித்து, "மஃரிபு தவறிவிடுமோ?" என்று கவலைப்பட்டார். இடைவேளையிலேயே எழுந்து வந்துவிட்டோம்.

பிழை நாடகத்தினுடையதன்று, என்னுடையது. கோடைக்காலத்தில் லண்டன் நேரம் நம் நாட்டு நேரத்துக்கு நான்கரை மணி பின்தங்கியது. அங்கே மாலை 7.30 என்றால் நமக்கு நள்ளிரவு 12. குளிர்காலத்தில் வேறுபாடு ஐந்தரை மணியாகிறது. அப்போது அதே காட்சி நமக்குப் பின்னிரவு 1 மணி. போய் இறங்கிய அன்று முதியவரை அந்நேரத்தில் அரங்கில் அமர்த்தினால் உறங்காமல் என்ன செய்வார்?

மறுநாள் காலை, பசியாறிக் கொண்டிருக்கையில் தங்கை மகள் கேட்டாள்: "உம்மம்மாவுக்குத் தெரிந்த கதையாக ஒன்றும் இல்லையா மாமா?"

அந்தச் சிறுமி கேட்டது எனக்குத் தோன்றாமற் போயிற்றே என்று வெட்கப்பட்டேன். விக்டர் ஹியூகோ 1862 இல் வெளியிட்ட பிரெஞ்சு நாவலைத் தழுவிய 'லே மிஸராப்' என்னும் இசை நாடகம் 1985 இல் லண்டன் மேடைக்கு வந்தது. அந்த நாவலைத்தான் கவியோகி சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழாக்கினார். 1950 இல் அது திரைப்படமாகவும் வந்தது. சிறுமியாக இருந்த காலத்தில், தம் அண்ணன் இரவுதோறும் வாசித்துக்காட்டக் கேட்ட கதை என்று உம்மா எங்களிடம் பலமுறை சொன்னதுண்டு.

சனிக்கிழமைப் பகல் காட்சிக்குச் சென்றோம். லுஹரை முடித்துக்கொண்டு 2.30 மணிக்கு அமர்ந்தோம். இம்முறை தூண் இல்லாத இருக்கைகள். பாடல்களின் ஆங்கிலம் உம்மாவுக்குப் புரியவில்லை. புரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை. வெள்ளிப் பாத்திரங்களைத் திருடிச் சென்றவனைக் காவலர் பிடித்து வந்து நிறுத்தியதும், "பார் வாப்பா, இப்போது பாதிரியார் விளக்குத் தண்டுகளையும் சேர்த்தே கொடுத்துவிடுவார்" என்று என் காதில் சொன்னார். சொன்னபடியே நடந்தது. உம்மாவின் கண்கள் கலங்கியிருந்தன. ஏறத்தாழ மூன்று மணி நேரமும் இமை மூடாது பார்த்தார். வெளியே வந்தபோது அஸர் தொழுகைக்கு வேண்டிய நேரம் இருந்தது.

ஆகவே நேயர்களே, சீட்டு வாங்குமுன் மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது: நம்முடன் வருபவர் யார்? ஆங்கிலம் நன்கறிந்தோர் மட்டும் செல்வதாயின், 1952 முதல் நடைபெற்றுவரும் அகதா கிறிஸ்டியின் 'தி மவுஸ்ட்ராப்' போன்ற துப்பறியும் நாடகம் சுவைக்கும். அது முற்றிலும் உரையாடலை நம்பியது. பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து செல்வதாயின், கண்ணுக்கு விருந்தாகும் நாடகத்தை நாடுங்கள். 1999 முதல் லைசியம் அரங்கில் நடந்துவரும் 'தி லயன் கிங்' அத்தகையது. தொடக்கக் காட்சியில் விலங்குகள் பார்வையாளர் நடுவே நடந்து மேடையேறுவதைக் காண மொழி தேவையில்லை. கைக்குழந்தைகளைப் பல அரங்குகளில் அனுமதிப்பதில்லை. எந்த வயதினர் பார்க்கத் தக்கது என்று ஒவ்வொரு நாடகத்துக்கும் அறிவித்திருப்பார்கள். அதைப் படித்துவிட்டே முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது: இந்த ஊரில் மட்டுமே காணக்கூடியது எது? தேம்ஸ் நதியின் தென்கரையில் ஷேக்ஸ்பியரின் குளோப் அரங்கு இருக்கிறது. 1599 இல் எழுப்பப்பட்ட மூல அரங்கு, 1613 இல் நாடகத்தின் நடுவே வெடித்த பீரங்கியின் பொறி கூரையில் பற்றி எரிந்துபோனது. பழைய முறையிலேயே மீண்டும் கட்டப்பட்ட இன்றைய அரங்கு 1997 இல் திறக்கப்பட்டது. நடுமுற்றத்தில் ஏறத்தாழ 700 பேர் நின்று பார்க்கலாம். அந்தச் சீட்டு விலை மிகக் குறைவு. ஆனால் முற்றத்துக்குக் கூரையில்லை. மழை பெய்தாலும் குடை விரிக்க அனுமதியில்லை, அமரவும் கூடாது. கல்லூரி செல்லும் பிள்ளைகளுக்கு இது வாழ்நாள் அனுபவம். மூட்டுவலி உள்ளவர்களுக்குத் தண்டனை.

மூன்றாவது: எந்த நேரம் நமக்கு ஏற்றது? பெரும்பாலான அரங்குகளில் மாலைக் காட்சி 7.30 மணியளவில். வார நாளில் ஒன்றும் சனிக்கிழமையுமாகப் பகல் காட்சிகளும் உண்டு. ஜூன் மாதத்தில் சூரியன் மறைய இரவு 9.20 ஆகிவிடும், மாலைக் காட்சிக்குச் சென்றால் மஃரிபு நாடகத்தின் நடுவே வரும். பகல் காட்சியோ லுஹருக்கும் அஸருக்கும் இடையே அடங்கிவிடும். டிசம்பரில் நிலைமை தலைகீழ். 4 மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடுவதால் பகல் காட்சியில் மஃரிபு தவறும். மாலைக் காட்சிக்கு இஷாவையும் முடித்துக்கொண்டே செல்லலாம்.

இன்னும் ஒரு செய்தி. முன்பு சென்று வந்தவர்கள் சொன்ன பெயரை மட்டும் நம்பிப் புறப்படாதீர்கள். ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த 'பாம்பே ட்ரீம்ஸ்' 2002 இல் தொடங்கி 2004 இல் முடிந்துவிட்டது. பாண்டிச்சேரிச் சிறுவனும் புலியும் படகில் தத்தளிக்கும் 'லைஃப் ஆஃப் பை' வெஸ்ட் எண்டில் 2023 இல் நிறைவுற்றது. நீங்கள் செல்லும் வாரத்தில் என்ன நடக்கிறது என்பதே கணக்கு. பிள்ளைகளுக்காக ஒன்றை உறுதியாகப் பார்க்க வேண்டுமானால் ஊரிலிருந்தே முன்பதிவு செய்யுங்கள். எதுவானாலும் சரி என்றால், லெஸ்டர் சதுக்கத்திலுள்ள 'டிகேடிஎஸ்' சீட்டுக்கூடத்தில் அன்றைய சீட்டுகள் சலுகை விலையில் கிடைக்கும். அதைச் சுற்றியுள்ள வேறு கடைகளை அதுவென்று மயங்கிவிடாதீர்கள். எங்கு வாங்கினாலும், மேடையை மறைக்கும் இருக்கையா என்று கேட்டறிந்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.

எங்கள் மூன்றாவது மாலைக்கு நான் சீட்டு வாங்கவேயில்லை. தேம்ஸ் கரையில் நடந்தோம். அந்தக் கதையின் மீதியை உம்மா தம் பேத்திக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். மேடையில் விட்டுப்போன பகுதிகளையும் அண்ணன் வாசித்த குரலிலேயே சொன்னார். இன்று உம்மா எங்களுடன் இல்லை. அந்தப் பேத்தி தன் பிள்ளைக்கு அக்கதையைச் சொல்கிறாள்.

மூன்று மாலைகளுக்கு மூன்று நாடகங்கள் வேண்டுவதில்லை. உடன் வருபவரின் உள்ளத்துக்கு ஏற்ற ஒன்று போதும். அந்த ஒன்றைத் தேடிச் செல்லுங்கள்.