பழைய வாக்குவம் கிளீனர்: எந்தப் பை பொருந்தும்?

1982ல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனம் வீடு வீடாக வந்து விற்ற யூரோகிளீன் உங்களிடம் இருக்கிறதா? நெல்லிவாசல்நாட்டில் என் வீட்டிலும் ஒன்று உண்டு. சாமை தூற்றும் காலத்தில் கம்ப்யூட்டர் மேஜையில் தூசிக்குக் குறைவில்லை.

பிராண்ட் பெயரை மட்டும் பார்த்துப் பை வாங்காதீர்கள். மாடலுக்கு மாடல் பை மாறும். பிளக்கைக் கழற்றிவிட்டு, அடிப்பக்க லேபிளில் உள்ள மாடல் எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள். எண் அழிந்திருந்தால் பழைய பையின் அட்டைக் கழுத்தை அளந்து பாருங்கள். நீளம், அகலம், துளையின் விட்டம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

துளை பெரிதானால் தூசி கசிந்து பில்டரை அடைக்கும்; மோட்டார் சூடேறிக் கருகலாம்.

ஒரு எச்சரிக்கை: கம்ப்யூட்டர் கேபினட்டுக்குள் இதன் குழாயை நுழைக்க வேண்டாம். நிலைமின்சாரம் ராம், மதர்போர்டைக் கெடுத்துவிடும். மேஜைக்கும் தரைக்கும் மட்டும் பயன்படுத்துங்கள்.