சிறுமீனுக்கேற்ற நீர்ச்செடி

மீன் வளர்ப்போர் பலர் மீனைத் தெரிந்தெடுத்த பின்னரே செடியைப் பற்றி எண்ணுகின்றனர். கண்ணாடித் தொட்டியின் மூலையிற் பச்சையாக ஏதேனும் ஒன்று அசைந்தாற் போதும் என்பது அவர்கள் கருத்து. அது பிளாஸ்டிக் இலையாயினும் அவர்களுக்கு வேறுபாடில்லை. மீனுக்கோ வேறுபாடு மிகப் பெரிது. இரண்டங்குல மீன் ஒன்றுக்குச் செடியே நிழல், செடியே மறைவிடம், செடியே பேற்றறை. அதன் கழிவை உணவாகக் கொண்டு நீரின் நஞ்சைக் குறைப்பதும் அதுவே. ஆகவே அட்டனிலும் நுவரெலியாவிலும் பாடசாலை வகுப்பிலோ வீட்டிலோ தொட்டி வைக்க விரும்புவோர் முதலில் ஆராயவேண்டியது எந்த மீன் அழகியது என்பதன்று. எந்தச் செடி இக்குளிரில் வாழும், எந்த மீன் அச்செடியோடு ஒத்து வாழும் என்பதே.

குளிரைச் சிறிதாக எண்ணிவிடலாகாது. நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அதன் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். அட்டன் அதனினும் அறுநூறு மீற்றர் அளவு தாழ்ந்திருப்பதாற் சற்றே இளஞ்சூடுடையது. மீன் வளர்ப்பு நூல்களோ 24 பாகை, 26 பாகை என்றே எழுதிச் செல்கின்றன. கொழும்புக் கடையிற் பையில் அடைத்துத் தந்த மீன் புகைவண்டியேறி மலைக்கு வந்து மூன்றாம் நாள் பக்கம் சாய்ந்து மிதக்குமாயின், அதற்குப் பெரும்பாலும் நோய் காரணமன்று, குளிரே காரணம்.

நம் நாட்டிற்கே உரிய சிறுமீன்கள் சிலவற்றை உலகெங்கும் விரும்பி வளர்க்கின்றனர். செந்நிறம் பூசிய லே தித்தியா என்னும் மீனை 1929இல் அறிவியல் உலகுக்கு அறிமுகஞ் செய்தவர், பின்னர் கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராக விளங்கிய பி. ஈ. பி. தெரணியகல ஆவார். மறு ஆண்டில் அவர் விவரித்த பொன்னிற மீனுக்கு ஹல் மரத்தின் பூவை நினைவூட்டும் பெயரை இட்டார்; சிங்கள மக்களும் அதனை ஹல்மல் தண்டியா என்றே அழைப்பர். புலத் ஹப்பயா என்பது இன்னொன்று. வெற்றிலை மென்றவன் என்பது அதன் பொருள். இனப்பெருக்கக் காலத்தில் ஆண்மீனின் முன்னுடல் சிவந்து கறுப்பதைக் கண்டவர், இப்பெயரை இட்டவரின் கண்ணைப் பாராட்டாதிருக்க முடியாது. இம்மூன்றும் ஈரவலயத்தின் தாழ்நில ஓடைகளில், மரநிழலின் கீழ் வாழ்பவை. மலைநாட்டில் இவற்றை வளர்ப்பவர் நீரைச் சூடாக்கும் மின்கருவி ஒன்றை வைத்தே ஆகவேண்டும்.

இம்மீன்களுக்கு இயற்கை வகுத்த துணை கிரிப்டோகொரைன் என்னும் செடிக் குடும்பம். மறைந்த தண்டாயுதம் என்பது இக்கிரேக்கப் பெயரின் பொருள். அதன் பூந்தண்டு நீண்ட குழல் ஒன்றின் அடியில் மறைந்திருக்கும். மணத்தால் ஈர்க்கப்பட்டு உட்புகும் சிற்றீக்கள் அங்கே சிறைப்பட்டு, மகரந்தம் உதிர்ந்து உடலில் ஒட்டிய பின்னரே விடுதலை பெறுகின்றன. இலங்கைக்கே உரிய கிரிப்டோகொரைன் இனங்கள் பல உள. துவைற்ஸ், வில்லிஸ் என்ற பேராதனைத் தாவரவியற் பூங்காத் தலைவர்களின் பெயர்களும் வோக்கர், பெக்கற் போன்றாரின் பெயர்களும் இவற்றுக்குச் சூட்டப்பட்டுள்ளன. இப்பெயர்களுள் உள்ளூரார் ஒருவரின் பெயர் இல்லை. நெதர்லாந்துத் தாவரவியலாளர் டி விற் 1958இல் விவரித்த வெண்ட்டியை, பச்சையும் கபிலமுமாகப் பல வடிவங்களில் வருவது, தொடங்குவோர்க்கு ஏற்றது. அவரே 1970இல் விவரித்த பார்வா இவ்வினத்துள் மிகச் சிறியது. ஐந்து சென்ரிமீற்றர் உயரத்தைத் தாண்டுவது அரிது. சிறு தொட்டியின் முன்புறத்துக்கு இதைவிடப் பொருத்தமான செடி எனக்குத் தெரியாது.

இச்செடிகள் வேராற் பெரிதும் உண்பவை. கழுவிய மணலில் மட்டும் நட்டால் இளைத்துப் போகும். மணலின் கீழ் உரஞ் சேராத களிமண் சிறிதளவு வேண்டும். ஒளி குறைவாயினும் பொறுத்துக் கொள்ளும். ஆனால் இடம் மாறினாற் பொறாது. ஓரிடத்திலிருந்து பிடுங்கி வேறு நீரில் நட்ட சில நாட்களில் இலைகள் அனைத்தும் கண்ணாடிபோலாகிக் கரைந்து போவதுண்டு. செடி இறந்துவிட்டதென்று எறிந்து விடுவோர் அநேகர். மண்ணுள்ளே கிழங்கு உயிரோடிருக்கும். அழுகிய இலைகளை மட்டும் அகற்றிவிட்டுச் சில வாரங்கள் தொடாமல் இருந்தால், புதிய நீருக்கேற்ற புதிய இலைகளை அது விடும். வகுப்பறையில் மாணவரைக் காத்திருக்கப் பழக்க இதனினும் சிறந்த ஆசிரியர் உண்டோ?

கிழங்கில் உயிரை ஒளித்து வைக்கும் கலை நம் இலக்கியத்துக்குப் புதியதன்று. ஔவையாரின் மூதுரை, குளம் வற்றிய காலத்தும் விட்டு நீங்காத உறவுக்குக் கொட்டியையும் உவமையாக்குகிறது. பறவைகள் பறந்து போகக் கொட்டி நிற்பதேன்? அதன் கிழங்கு சேற்றினுள் உறங்கி மழையை எதிர்நோக்கி இருப்பதனாலேயே. இக்கொட்டியின் உறவினமே அலைபோல் நெளிந்த இலைகளையுடைய அப்பொனொகெற்றன் கிறிஸ்பஸ். சிங்களத்தில் இவற்றைக் கெக்கட்டிய என்பர். மூன்று நான்கு மீன்களைக் கொண்ட நடுத்தரத் தொட்டிக்கு ஒரு கிழங்கு போதும். ஓய்வுக் காலத்தில் இலை குன்றும்போது அதனைக் குப்பையில் இடாதிருப்பதே இதனை வளர்ப்பதன் பாதித் திறமை. இக்குடும்பத்தில் ஜேக்கப்சனியை என்னும் ஓரினம் ஹோட்டன் சமவெளியின் மெதுவாக ஓடும் ஓடைகளில் வளர்கின்றது. அது 1988 முதல் தேசிய பூங்கா; அங்கே கண்டு மகிழலாமேயன்றிப் பறித்தலாகாது.

மின்கருவிக்கு வசதியில்லாத நுவரெலியா வீட்டுக்கு வேறு வழி உண்டு. சீனத்தில் குவாங்சூ நகரை அடுத்த வெண்முகில் மலையின் ஓடைகளிற் கண்டு 1932இல் விவரிக்கப்பட்ட சிறுமீன் ஒன்று அம்மலையின் பெயராலேயே வழங்குகிறது. ஒன்றரையங்குலமே வளரும்; நம் மலைக்குளிர் அதற்கு ஏற்றது. அதனோடு ஜாவாப் பாசியைக் கல்லிற் கட்டி வையுங்கள். முட்டைகள் அதன் இழைகளுக்கிடையே விழுந்து, தாய்மீனின் வாய்க்கும் தப்பும். வேரே இல்லாத செரட்டோஃபில்லம் நீரில் மிதந்தபடியே தழைக்கும். ஒளிச்சேர்க்கைப் பரிசோதனையில் புனலின் கீழ்க் குமிழி விடும் ஐதரில்லாவை ஆசிரியர்களுக்கு நான் அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. மகரந்தச் சேர்க்கைப் பாடத்திற் புகழ்பெற்ற வலிஸ்நேரியா மட்டும் நம் மலையில் ஏமாற்றந் தரக்கூடும். அது கடின நீரை விரும்புவது, மலைநீரோ மென்மையானது. தங்கமீன் வளர்ப்போர் இவ்வளவும் படித்து வருந்த வேண்டாம். எந்த மென்செடியை நட்டாலும் அது தின்றுவிடும்.

இனி, நீர். தோட்டத்து லயங்களில் மலையிடுக்கிலிருந்து வரும் பீலித் தண்ணீரைக் காணும்போது அதனினும் தூய நீர் உண்டோ என்று தோன்றும். பீலிக்கு மேலே தேயிலை மலை உண்டா, அங்கே மருந்தடித்தார்களா என்பதைக் கேட்டறிந்த பின்னரே தொட்டியை நிரப்புக. 1946இல் இலங்கைத் தேயிலையைக் கொப்புள நோய் பற்றியது முதல் செப்பு கலந்த பூஞ்சைக்கொல்லி நம் மலைகளுக்குப் பழக்கமாயிற்று. செப்பு மிகச் சிறிய அளவிலும் மீனுக்கு நஞ்சு; அதிலும் மென்னீரில் அதன் கொடுமை மிகும். கடின நீரிற் பிழைக்கக்கூடிய மீன் அதே அளவு செப்பினால் மலைநீரில் மாளும். தொட்டியில் மாளும் நான்கு மீன்களை நாம் காண்கிறோம். ஓடையில் மாள்வதை யார் எண்ணுகிறார்? நோர்வூட், மஸ்கெலியாப் பகுதித் தோட்டங்களின் நீரை ஏந்தும் கெசல்கமுவ ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் கூடியே களனி கங்கையாகின்றன. அது மலையிலிருந்து இறங்கிச் செல்லும் வழியிலுள்ள கித்துல்கலக் காட்டோடைகள் நம் சிறுமீன்களின் இருப்பிடம். அப்பீலியில் மீன் மட்டுமா நீர் அருந்துகிறது? லயத்துக் குழந்தையும் அதனையே அருந்துகிறது. மருந்தடிக்கும் நாளைப் பீலியில் நீரெடுப்போர்க்கு முன்கூட்டி அறிவிப்பது செலவில்லாத காரியம்.

செடிக்காக ஓடையில் இறங்குவதும் வேண்டா. ஒரு மாலையில் வேரோடு பிடுங்கிய மூட்டை மீண்டும் வளர ஆண்டுகள் செல்லும்; காடழிவோடு இத்தகைய பறிப்பும் சேர்ந்து சில கிரிப்டோகொரைன் இனங்களை அருகச் செய்துள்ளது. பண்ணையில் வளர்ந்த செடி கடையிற் கிடைக்கிறது. ஓடுதண்டு விட்டு ஒன்று பத்தாகும் செடிக்கு ஒருமுறை செலவிட்டாற் போதும்.

மிகுந்த செடியை என் செய்வது? ஆற்றில் மட்டும் எறியாதீர். தாவரவியல் ஆய்வுக்கென 1939இல் கொழும்புக்குக் கொண்டுவந்த சல்வீனியா வெளியேறி வயல்களையும் குளங்களையும் மூடியதை இந்நாடு மறக்கவில்லை. நம்முடைய பெக்கற்றியையும் அயலூரில் இதே பழியைச் சுமக்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துச் சான் மார்க்கோஸ் ஆற்றில் 1990களில் அது பரவிக் கிடக்கக் கண்டனர். அவ்வாற்றுக்கே உரிய அரிய காட்டுநெல்லை நெருக்கியதனால், அதனைக் களைந்தெடுக்க நேர்ந்தது. எவரோ ஒருவர் தொட்டியைக் கழுவி ஊற்றியதன் விளைவென்றே கருதப்படுகிறது. நுவரெலியாவிலோ இவ்வினாவுக்கு விடை எளிது. மிகுந்த செடியை வெயிலில் நன்கு உலர்த்தி, லீக்ஸ் பாத்தியின் எருக்குழியில் இட்டுவிடலாம்.