அக்காவின் கை இறுக்கம்

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு நடந்தவர்கள் எதை எடுத்தார்கள், எதை விட்டுவிட்டு வந்தார்கள் என்பதை எமது மக்கள் இன்றும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர் தொகை நான்கு இலட்சத்துக்கும் மேல், மழை வேறு. காணி உறுதி, அரிசி, குழந்தையின் பால்மா, சிலருடைய தோளில் மண்வெட்டி. ஆட்டை அவிழ்த்துவிட்டு வந்தவரும் உண்டு, இழுத்துக்கொண்டு வந்தவரும் உண்டு. சுவரில் தொங்கிய படங்களைக் கழற்றியவர்கள் மிகக் குறைவு. அதற்கு மூன்றாம் நாள் நவம்பர் 2, மரித்த விசுவாசிகளின் நினைவு நாள். வெறிச்சோடிய ஊர்களில் சேமக்காலைக்கு மெழுகுதிரி கொண்டுபோக அநேகமாக ஆளில்லை.

இறந்தவரை நினைப்பதற்கு ஓர் இடமும் ஒரு பொருளும் வேண்டியிருக்கிறது. கல்லறை, படம், அவர் இருந்த திண்ணை, அவர் நட்ட மாமரம். இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு இவை ஒன்றுமே மிஞ்சாமற் போவதுண்டு. அப்படிப்பட்ட ஒரு தோட்டக்காரக் குடும்பத்துப் பெண்ணைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். எழுதச் சம்மதித்தார், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

வலிகாமம் வடக்கின் செம்பாட்டு மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செய்த குடும்பம் அது. 1990 ஆனியில் முதல் இடப்பெயர்வு. அப்போது அக்காவுக்கு இருபத்துநான்கு வயது, தங்கைக்குப் பதினாறு. அக்கா கன்னியர் மடத்துத் தையல் வகுப்பில் குறோசே பழகியவர். யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கு இந்தக் கைவேலை புதிதல்ல. உடுவிலில் அமெரிக்க மிஷனரிமார் 1824 இல் பெண்களுக்கென விடுதிப் பாடசாலை தொடங்கினார்கள். திருக்குடும்பக் கன்னியர்கள் 1862 இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். தையலும் பின்னலும் இப்படிப்பட்ட பாடசாலைகளில் பாடத்தோடு சேர்ந்தே வந்தன. ‘றேந்தை’ என்ற சொல்லோ அதற்கும் முந்தியது, போர்த்துக்கேயரிடமிருந்து எமக்கு வந்தது.

தங்கை இடக்கைக்காரி. பின்னல் பழக்கியவர்களுக்கு இதன் கஷ்டம் தெரியும். பக்கத்தில் இருந்து பார்த்தால் இடக்கைப் பிள்ளைக்கு எல்லாமே மாறிவிடும்.

“அக்கா எனக்கு நேர எதிரில பாயைப் போட்டு இருப்பா, சுவாமி. கண்ணாடியில பாக்கிற மாதிரி நான் அவவைப் பாத்துப் பின்ன வேணும். அதாலை எனக்கு அவவின்ரை கை மட்டுமில்லை, முகமும் சேர்ந்துதான் ஞாபகம். கண்ணி பிழைச்சா ஒண்டும் பேச மாட்டா. புருவம் மட்டும் ஏறும்.”

புகையிலைத் தோட்டத்தில் நின்ற நாட்களில் கையில் பிசின் கறுத்து ஒட்டியிருக்கும். தேசிக்காய் தேய்த்துக் கழுவும்வரை வெள்ளை நூலைத் தொட அக்கா விடமாட்டார். பொருளாதாரத் தடைக் காலத்தில் நூல் கிடைக்கவில்லை. பழைய மேசை விரிப்புகளைப் பிரித்து, நூலைக் கதிரை முதுகில் சுற்றி, நனைத்துக் காயவிட்டுச் சுருக்கம் எடுத்து மீண்டும் பின்னினார்கள். ஊசி தொலைந்தபோது சயிக்கிள் சில்லுக் கம்பியைக் கல்லில் உரைஞ்சி அக்காவே ஒரு கொளுக்கி ஊசி செய்தார். மின்சாரமில்லாத அந்த இரவுகளின் ஜாம் போத்தல் விளக்கை வாசகர்களில் அநேகர் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வெளிச்சத்தில் கண்ணி தெரியாது. விரலால் தடவித்தான் எண்ண வேண்டும்.

1996 தையில், தென்மராட்சியில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் தங்கியிருந்தபோது, காய்ச்சல் கண்டு அக்கா இறந்தார். அருகிலேயே அடக்கம் செய்து மரச் சிலுவை ஒன்று நட்டார்கள். சித்திரையில் மக்கள் வலிகாமம் திரும்பினார்கள். இவர்களுடைய ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்ததால் நலன்புரி நிலையத்துக்கே போக வேண்டியதாயிற்று. 2000 ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரிப் பகுதி தரைமட்டமானபோது அந்தச் சிலுவையும் போய்விட்டது. இடத்தைச் சரியாகக் காட்ட இப்போது ஒருவராலும் முடியவில்லை.

மிஞ்சியது ஒரு சொப்பிங் பை. அதற்குள் கம்பி ஊசி, பாதி நூற்பந்து, நடுவில் எட்டு இதழ்ப் பூவோடு இருபத்துமூன்று சுற்று முடிந்த ஒரு மேசை விரிப்பு. அதற்குமேல் தங்கை ஆறு சுற்றுப் பின்னினார்.

1998 மார்கழியில் தங்கைக்கு முதற்பிள்ளை பிறந்தது. கொட்டிலுக்குள் பனியும் ஈரமும். குழந்தைக்குத் தொப்பி பின்னக் கம்பளி நூலுக்கு வழியில்லை. விரிப்பைப் பிரி என்று தாயார் சொன்னார். தாயார் கல்நெஞ்சக்காரியல்ல, செத்த பிள்ளையின் வேலையை விட உயிரோடிருக்கும் பிள்ளையின் தலை பெரிது என்பது அவருடைய நியாயம். அந்த நியாயத்தில் நான் பிழை காணமாட்டேன்.

குறோசேயில் நுனிக் கண்ணியை அவிழ்த்து இழுத்தால் மளமளவென்று முழுவதும் வந்துவிடும். தங்கை இழுத்தார். தான் பின்னிய ஆறு சுற்றும் வந்ததும் நிறுத்திவிட்டார். எல்லை எதுவென்று சந்தேகமே வரவில்லையாம். அக்காவின் கை இறுக்கம், இவருடையது தளர்வு. அதோடு வலக்கைக்காரியின் சுற்று ஒரு பக்கமாகப் போகும், இடக்கைக்காரியின் சுற்று மறுபக்கமாகப் போகும். அந்த ஆறு சுற்று நூலை இரட்டையாக்கி ஒரு தொப்பி முடித்தார். அக்காவின் இருபத்துமூன்றும் பைக்குள் திரும்பிப் போயின.

கைவேலையும் துன்பமும் சேர்ந்த கதை எமக்கு மட்டும் உரியதல்ல. அயர்லாந்தில் 1845 இல் உருளைக்கிழங்குப் பயிரில் வெளிறல் நோய் விழுந்து பெரும் பஞ்சம் வந்தது. ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் இறந்தார்கள். அதிலும் கூடிய தொகையினர் கப்பலேறினார்கள். கோர்க் நகரத்துப் பக்கம் உர்சுலைன் கன்னியர்கள் ஏழைப் பெண்களுக்கு இதே குறோசேயைப் பழக்கினார்கள். ஒருத்தி ரோசாப்பூ, மற்றவள் இலை, இன்னொருத்தி இரண்டையும் இணைக்கும் வலை என்று வேலையைப் பிரித்துச் செய்தார்கள். பல விவசாயக் குடும்பங்களுக்கு அந்தக் கூலி கஞ்சியாயிற்று.

இதைச் சொல்வதால் நாளையே எல்லோரும் றேந்தை பின்னி விற்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஆந்திராவின் நரசாப்பூரில் ஆயிரக்கணக்கான பெண்கள் பின்னிய றேந்தை வெளிநாடு போனது. பின்னியவர்களோ வேலை செய்பவர்களாகக்கூடக் கணக்கெடுக்கப்படவில்லை என்று மரியா மீஸ் என்ற ஜேர்மன் ஆய்வாளர் 1982 இல் ஒரு நூலே எழுதினார். மாதக்கணக்கில் பின்னும் விரிப்புக்கு இயந்திர றேந்தையின் விலையைத்தான் கடைக்காரர் கேட்பார். வருமானத்துக்குக் கோழியும் வெங்காயமும் மேல். ஊசியும் நூலும் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போகும் திட்டங்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. இந்தப் பெண்ணின் விரிப்பு விலைக்கானதல்ல என்பதால்தான் அதைப் பற்றி எழுதத் தோன்றியது.

2018 இல் இவர்களுடைய காணி விடுவிக்கப்பட்டது. வலிகாமம் வடக்கில் எல்லோருக்கும் இன்னும் அந்த நாள் வரவில்லை. போய்ப் பார்த்தபோது கிணறும் அத்திவாரமும் இருந்தன. அக்காவின் படம் எங்கும் இல்லை. உறவினரிடம் கேட்டும் கிடைக்கவில்லை. தொப்பி போட்ட குழந்தை இப்போது வளர்ந்த மகள், பெரியம்மாவின் முகத்தை அறியாதவள். அவள் வலக்கைக்காரி. ஆகையால் தாய் எதிரில் பாய் போட்டு இருந்தே பழக்குகிறார். பிழை விட்டால் புருவம் ஏறுகிறதா என்று கேட்டேன். மகள்தான் சிரித்தாள்.

உங்கள் வீட்டிலும் இறந்தவரின் பின்னல் ஏதும் இருந்தால் சில காரியங்களைச் செய்யலாம். மடித்து வைக்காதீர்கள், மடிப்பில் நூல் அறும். பழைய பருத்திச் சீலைத் துணியோடு சுருட்டி வையுங்கள். முறுக்கிப் பிழியாமல் நிழலில் பரப்பிக் காயவிடுங்கள். வயதானவர்கள் இருக்கும்போதே, அவர்களுக்குத் தெரிந்த ஒவ்வொரு பின்னலிலும் ஒரு சாண் அளவு துண்டு பின்னி வாங்கி, யாருடைய கை என்று கடதாசியில் எழுதி ஊசியால் குத்தி வையுங்கள். எழுத்தில் இல்லாத மாதிரிகளே எம்மிடம் அதிகம். கண்ணிகளை எண்ணி எழுதிக்கொள்ள ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை போதும்.

விரிப்பின் வேலை திரும்பத் தொடங்கியிருக்கிறது. பழைய நூல் மஞ்சளித்துவிட்டது, புது நூல் வெள்ளை. அக்கா விட்ட இடம் தூரத்திலிருந்தே தெரிகிறது. தோய்த்து நிறத்தை ஒன்றாக்கலாமே என்று அயலவர்கள் சொல்கிறார்கள். தாயும் மகளும் அதற்குச் சம்மதமில்லை. இப்போது இருபத்தேழாவது சுற்று. மிச்ச நூல் யாழ்ப்பாணக் கடையில் முடிந்துவிட்டதாம், கொழும்பிலிருந்து வரவேண்டும்.