மணம் முறிந்தாலும் மகாராணியா?

புது தில்லி: வழக்கு என்னவோ வீட்டு வரி பற்றியதுதான். ஆனால், மனுவின் முகப்பில் மனுதாரர்களின் பெயர்களுக்கு முன்னால் இடம்பெற்றிருந்த "மகாராஜா', "இளவரசி' என்ற அடைமொழிகள் நீதிபதியின் கண்ணில் பட்டன. அவற்றை நீக்கித் திருத்திய மனுவைத் தாக்கல் செய்யாவிட்டால் வழக்கே தள்ளுபடியாகும் என்று ஜெய்ப்பூர் முன்னாள் அரச குடும்பத்தின் வாரிசுகளை 2025 அக்டோபரில் எச்சரித்தது ராஜஸ்தான் உயர் நீதிமன்றம்.

சட்டப்படி பார்த்தால் இந்தப் பட்டங்கள் ஒழிந்து 50 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. 1970 செப்டம்பரில் மன்னர் மானிய ஒழிப்பு மசோதா மாநிலங்களவையில் 149-க்கு 75 என்ற வாக்குகளைப் பெற்றும், மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மைக்கு ஒரு வாக்குக்கும் குறைவான இடைவெளியில் தோற்றது. உடனே குடியரசுத் தலைவரின் ஆணை மூலம் மன்னர்களின் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. அந்த ஆணை செல்லாது என்று அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1971 தேர்தலில் பெரும் வெற்றியுடன் திரும்பிய இந்திரா காந்தி, 26-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் அந்தக் கணக்கைத் தீர்த்தார். அத்துடன் மானியமும் போயிற்று, அங்கீகாரமும் போயிற்று.

இந்த வரலாறு பலரும் அறிந்ததே. அரசியல் சட்டம் வரையறுத்ததும் பிறகு ஒழித்ததும் "மன்னர்' என்ற ஒரே ஒரு நிலையை மட்டும்தான் என்பது அவ்வளவாக நினைவுகூரப்படுவதில்லை. 366-ஆவது பிரிவின் 22-ஆவது உட்பிரிவில் மகாராணிக்கு இடமில்லை. அரசரின் மனைவிக்கு அந்தப் பட்டம் கல்யாணத்தோடு வந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் வைஸ்ராயின் தயவாலும், எல்லாக் காலத்திலும் குடிமக்களின் வாய்ச்சொல்லாலும் நிலைத்தது. அப்படியானால், மணத்தால் வந்த பட்டம் மணம் முறிந்தால் என்ன ஆகும்? முன்பே மணமாகிப் பிரிந்தவள் அரசரை மறுமணம் செய்துகொண்டால் அவள் மகாராணி ஆவாளா? இந்தியாவில் இந்தக் கேள்விக்குச் சட்டப் புத்தகத்தில் பதில் இருந்ததே இல்லை. ஆனால் பதில் சொல்லியே ஆகவேண்டிய சந்தர்ப்பங்கள் வந்தன. அவற்றில் மிகப் பெரியது சென்னையில் தொடங்கியது.

சென்னையில் பிறந்த பரோடா ராணி

பித்தாபுரம் மகாராஜாவின் மகளான சீதாதேவி, 1917-இல் சென்னையில் பிறந்தவர். ஆந்திரப் பகுதியின் உய்யூர் ஜமீன்தாருக்கு வாழ்க்கைப்பட்டு ஒரு மகனுக்கும் தாயானவர். 1943-இல் சென்னை குதிரைப் பந்தயத்தில் பரோடா மகாராஜா பிரதாப் சிங் கெய்க்வாட் அவரைச் சந்தித்தார். இந்தியாவின் பெரும் பணக்காரர்களில் ஒருவர் அவர், ஏற்கெனவே மணமானவர், எட்டுக் குழந்தைகளின் தந்தை.

இருவரும் மணக்க விரும்பினர். முதல் தடை சீதாதேவியின் திருமணம். அன்றைய சென்னை மாகாணத்தில், சில சமூகங்களின் வழக்கத்தில் இருந்த "தீர்த்துவிடுதல்', மருமக்கள்தாயக் குடும்பங்களுக்கான தனிச் சட்டம் ஆகியவற்றைத் தவிர, இந்துக்களுக்கென்று பொதுவான விவாகரத்துச் சட்டம் ஏதும் கிடையாது. எவ்வளவு கசந்த மணமானாலும் சாகும்வரை மணம்தான். சென்னை சட்டமன்றம் இருதார மணத்தைத் தடுத்து விவாகரத்தையும் அனுமதிக்கும் சட்டத்தை இயற்றியது 1949-இல். நாடு முழுமைக்குமான இந்து திருமணச் சட்டம் வந்தது 1955-இல்.

எனவே, அன்று திறந்திருந்த ஒரே கதவை அவர் தட்டினார். இஸ்லாத்துக்கு மாறினார்; மதமாற்றத்தைக் காரணம் காட்டி முதல் திருமணம் முறிந்ததாக அறிவிக்கச் செய்தார்; பிறகு இந்து மதத்துக்குத் திரும்பி மகாராஜாவை மணந்தார். அரை நூற்றாண்டுக்குப் பின், 1995-இல், சரளா முத்கல் வழக்கில் இதே கதவை ஆண்கள் பயன்படுத்தியதை உச்ச நீதிமன்றம் கண்டித்தது. அந்த ஆண்களுக்கு விவாகரத்துச் சட்டம் இருந்தது. அதைத் தவிர்ப்பதற்காக மதம் மாறினார்கள். சீதாதேவிக்கு அப்படி ஒரு சட்டமே இல்லை. இந்த வேறுபாட்டை அவரைப் பற்றி எழுதியவர்களில் பலர் கவனிக்கவில்லை.

வேடிக்கை என்னவெனில், அவர் புகுந்த பரோடாவில் இந்துப் பெண்களுக்கு விவாகரத்து உரிமை 1931-லேயே வந்துவிட்டது. பிரதாப் சிங்கின் பாட்டனார் மூன்றாம் சயாஜிராவின் சீர்திருத்தங்களில் அதுவும் ஒன்று. ஆனால் உய்யூர் மணத்துக்குப் பரோடா சட்டம் பொருந்தாது. இரண்டாம் மணத்தைத் தடுக்கும் சட்டமும் பரோடாவில் இருந்தது. அது குடிகளுக்குத்தான், மன்னருக்கு அல்ல என்று மன்னர் தரப்புச் சட்ட வல்லுநர்கள் விளக்கம் சொல்லிவிட்டார்கள்.

வைஸ்ராய் அரசு மகாராஜாவை தில்லிக்கு அழைத்து விளக்கம் கேட்டது. முடிவில் மணம் ஏற்கப்பட்டது. ஆனால் முதல் மனைவியின் மகனே வாரிசு என்று உறுதிசெய்துகொண்டார்கள். சீதாதேவிக்கு "மேன்மை தங்கிய' என்ற அடைமொழியை மட்டும் ஆங்கிலேய அரசு தர மறுத்துவிட்டது. இரண்டு மனைவியரை உடைய மகாராஜாவின் பெயருக்கு முன்னால் இருந்த அதே அடைமொழிக்கு ஒரு குறையும் நேரவில்லை. மறுமணம் செய்துகொண்டதற்கான தண்டனை மனைவியின் பெயரில் மட்டும் எழுதப்பட்டது.

இது பரோடாவுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. நமது புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் 1915-இல் ஆஸ்திரேலியப் பெண்ணான மோலி பிங்கை மணந்தபோதும் அவரை ராணியாக ஏற்க ஆங்கிலேய அரசு மறுத்தது. அங்கே முறிந்த மணம் எதுவும் இல்லை. தடையாக நின்றது நிறம். மன்னர் சமஸ்தானத்தை விட்டே வெளியேறி, 1928-இல் பாரிஸில் காலமானார். யார் ராணி என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொள்வதில் தில்லியில் இருந்த ஆட்சியாளர்கள் குறியாக இருந்தார்கள்.

லண்டனிலும் அப்போது இதே கணக்குதான் ஓடிக்கொண்டிருந்தது. இருமுறை விவாகரத்தான வாலிஸ் சிம்ப்சனை மணப்பதற்காக 1936-இல் எட்டாம் எட்வர்டு அரியணையைத் துறந்தார். மறுஆண்டு அவருக்கு மட்டும் "மேன்மை தங்கிய இளவரசர்' என்ற மரியாதை தொடர்ந்தது, மனைவிக்கு அது கிடையாது என்று அரச ஆணையே பிறப்பிக்கப்பட்டது. ஆறு ஆண்டுகள் கழித்து சீதாதேவிக்குக் கிடைத்ததும் அதே மறுப்பு.

இந்த இரு பெண்களின் பாதைகளும் ஒருமுறை விநோதமாகக் குறுக்கிட்டன. சீதாதேவியின் மரகதமும் வைரமும் பதித்த கால் அணிகலன்கள் நியூயார்க்கின் நகை வணிகர் ஹாரி வின்ஸ்டனிடம் விலைபோயின. அவர் அக்கற்களைக் கழுத்தணியாக மாற்றினார். அதை வாங்கியவர் வாலிஸ். 1957-இல் நியூயார்க் விருந்து ஒன்றில் வாலிஸ் அதை அணிந்துவர, அக்கற்கள் முன்பு தன் காலில் கிடந்தவை என்று அங்கிருந்த சீதாதேவி சொன்னதாகவும், வாலிஸ் நகையை வணிகரிடமே திருப்பிவிட்டதாகவும் நகை உலகில் இன்றும் சொல்கிறார்கள்.

1951-இல் இந்திய அரசு பிரதாப் சிங்கின் அங்கீகாரத்தை ரத்து செய்து, முதல் மனைவியின் மூத்த மகன் பதேசிங்ராவை மன்னராக ஏற்றது. சமஸ்தானக் கருவூலப் பணமும் நகைகளும் வெளிநாடு போனதுதான் விவகாரம். இரண்டாம் மணம் அல்ல. 1956-இல் கணவன், மனைவி பிரிந்து விவாகரத்தும் ஆயிற்று. ஆங்கிலேயர் தர மறுத்த, இந்திய அரசு ஒருபோதும் வழங்காத, விவாகரத்தால் அடிப்படையையும் இழந்த "பரோடா மகாராணி' என்ற பட்டத்தை சீதாதேவி கைவிடவே இல்லை. ஐரோப்பா அவரை அப்படியே அழைத்தது. 1989-இல் பாரிஸில் இறக்கும்வரை அவர் மகாராணியாகவே இருந்தார்.

வாக்காளர் பார்வை

சீதாதேவியைப் பரோடா மக்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதை அளக்க அன்று வாக்குப்பெட்டி இருக்கவில்லை. குடியரசான பிறகு அது வந்தது. ஜெய்ப்பூர் மகாராஜா இரண்டாம் மான் சிங்கின் மூன்றாம் மனைவியான காயத்ரி தேவி 1962 மக்களவைத் தேர்தலில் சுதந்திரா கட்சி சார்பில் நின்று 1,92,909 வாக்குகள் பெற்றார். பதிவான வாக்குகள் 2,46,516. மூன்றாம் மனைவி எப்படி மகாராணி என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பலதார மணம் பட்டத்துக்குக் களங்கமாகக் கருதப்படாத சமூகம் அது.

மணமுறிவு? அதையும் வாக்காளர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதே ராஜஸ்தான் அரசியல் சொல்லும் செய்தி. குவாலியர் சிந்தியா குடும்பத்தில் பிறந்த வசுந்தரா ராஜே 1972-இல் தோல்பூர் அரச குடும்பத்தில் மணமுடித்துச் சில காலத்திலேயே கணவரைப் பிரிந்தார். ஆனால் 1985-இல் ராஜஸ்தான் சட்டப் பேரவைக்கு அவர் முதலில் தேர்வானது அதே தோல்பூரிலிருந்துதான். தோல்பூர் அரச குடும்பம் ஜாட் இனத்தது. 2003 தேர்தலில் முதல்வர் வேட்பாளராக மாநிலத்தைச் சுற்றி வந்தபோது, ராஜபுத்திரர்களின் மகள், ஜாட்டுகளின் மருமகள், மகனின் மணத்தால் குஜ்ஜார்களின் சம்பந்தி என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். அந்த "மருமகள்' உறவு வீட்டுக்குள் எப்போதோ முறிந்துபோனது என்பது கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அறியாததல்ல. ஆனாலும் அவர்களுக்கு அவர் மருமகள்தான், ஆதரவாளர்களுக்கு "மகாராணி'தான். இருமுறை முதல்வரும் ஆனார்.

தியா குமாரியின் கதை இன்னும் தெளிவானது. ஜெய்ப்பூர் பவானி சிங்கின் ஒரே மகளான இவர் 1997-இல் அரச குடும்பத்தைச் சேராத ஒருவரை மணந்தபோது ராஜபுத்திர அமைப்புகள் கொதித்தெழுந்தன. மாப்பிள்ளை அதே கோத்திரம் என்பதே அவர்களுடைய பெரும் குற்றச்சாட்டு. 21 ஆண்டுகள் கழித்து, 2018 இறுதியில் தம்பதியர் பரஸ்பர சம்மதத்துடன் விவாகரத்து கோரினர். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் மணம் முறிந்தது. மணத்துக்கு எழுந்த கூச்சலில் நூறில் ஒரு பங்குகூட முறிவுக்கு எழவில்லை. சில மாதங்களில் வந்த 2019 மக்களவைத் தேர்தலில் பாஜக வேட்பாளராக ராஜ்சமந்தில் அவர் வென்றது ஐந்தரை லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில். 2023 டிசம்பரில் மாநிலத் துணை முதல்வராகப் பொறுப்பேற்றார். பிரசாரத்தில் "ராஜகுமாரி' என்ற அழைப்பு ஒருநாளும் ஓயவில்லை.

இதை நமது சமூகத்தின் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ள இந்தக் கட்டுரையாளருக்கு மனம் வரவில்லை. தியா குமாரியின் பட்டம் பிறப்பால் வந்தது. கணவர் அதைத் தரவில்லை, பறிக்கவும் முடியாது. வசுந்தரா ராஜேவுக்கோ பிறந்த வீட்டில் குவாலியரும், புகுந்த வீட்டின் வாரிசாக மகனும் இருந்தனர். வாக்காளர்கள் மன்னித்தது விவாகரத்தை அல்ல. ரத்தத்துக்கும் வாரிசுக்கும் முன்னால் அது ஒரு பொருட்டாகவே படவில்லை, அவ்வளவுதான். பிறந்த வீட்டின் பெருமையோ வாரிசின் பலமோ இல்லாமல், மறுமணமும் செய்துகொண்ட ஒரு பெண்ணைத் தேர்தல் மேடையில் "மகாராணி' என்று அழைக்கும் நாள் இன்னும் வரவில்லை. பிரிட்டனில் அந்த மாற்றத்தை ஓரளவு காண முடிந்தது: 1996-இல் விவாகரத்துடன் டயானா "மேன்மை தங்கிய' அடைமொழியை இழந்தார், விவாகரத்தானவரான கமிலா, 2005-இல் சார்லஸை மணந்தபோது ராணி என்று அழைக்கப்படமாட்டார் என்று அறிவிக்க நேர்ந்தது, 2023 மே மாதத்தில் அவருக்கே ராணியாக முடிசூட்டினார்கள். அங்கே அதற்கு 18 ஆண்டுகள் பிடித்தன.

பட்டமில்லாத பெண்கள்

தில்லியில் இருந்து பார்க்கையில், அரண்மனைகளைவிடக் கவலை தரும் காட்சி ஒன்று உண்டு. மணத்தின்போது கணவரின் குடும்பப் பெயரைச் சேர்த்துக்கொண்ட வட இந்தியப் பெண், பிரிந்தபின் தன் பழைய பெயருக்கே திரும்ப நினைத்தால் அரசிதழில் அறிவிப்பு வெளியிடவேண்டும். அதற்கு விவாகரத்துத் தீர்ப்பின் நகலையோ, கணவரின் தடையில்லாச் சான்றையோ இணைக்கவேண்டும் என்று மத்திய அரசின் அறிவிக்கை ஒன்று கூறியது. இது பாரபட்சம் என்று ஒரு பெண் தொடுத்த வழக்கில் 2024-இல் தில்லி உயர் நீதிமன்றம் மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது.

தகப்பனின் பெயரோடு பிறந்து, இருபது, முப்பது ஆண்டுகள் அதனுடன் வாழ்ந்த பெயர் அது. பட்டமோ மானியமோ அதில் ஏதுமில்லை. ஆனாலும் விவாகரத்து வழக்கு முடியும்வரை தீர்ப்பின் நகல் கிடைக்காது; எதிர்த்து வழக்காடுகிற கணவரிடமே போய்ச் சான்று கேட்கவேண்டும். குடும்ப நீதிமன்றங்களில் வழக்குகள் முடிய எத்தனை ஆண்டுகள் ஆகின்றன என்பதை அங்கே வாய்தா வாங்கி அலைந்தவர்களே சொல்லவேண்டும்.