இலேசான தகடு

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை செல்லும் வழியில், செம்மண் மேட்டின்மீது குடியிருக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்றை நாம் அறிவோம். குடும்பத் தலைவர் பட்டறைத் தொழிலாளி. அவருடைய ஒன்பது வயது மகளுக்குப் பிறவியிலேயே கால்கள் வலுவிழந்தவை. தோப்பின் கடைசியிலுள்ள வாயிற்கதவு வரையில் தானே சென்றுவர வேண்டுமென்பது அவளுடைய ஆசை. தந்தையார் மின்கலத்தால் ஓடும் சிறு கார் ஒன்றைத் தம் கையாலேயே செய்யத் தொடங்கினார். இரும்புக் குழாய்ச் சட்டம், பழைய சக்கரங்கள், நான்கு மின்கலங்கள். மேலே ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு. வண்டி பார்வைக்கு அழகாகவே அமைந்தது. ஆனால் வீட்டுக்குத் திரும்பும் மேட்டில் பாதி வழியில் நின்றுவிட்டது. இறங்கித் தள்ளத்தான் வேண்டும். இறங்க முடியாதவளுக்காகச் செய்த வண்டி அல்லவா அது!

சரக்கின் எடையைச் சீட்டில் எழுதுவதே தொழிலாகிவிட்ட நமக்கு உடனே கணக்குப் போடத் தோன்றியது. ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள அத்தகைய தகடு ஏறத்தாழ 7.85 கிலோ. வண்டிக்கு ஆறு சதுர மீட்டர் வேண்டியிருந்தது. ஆகத் தகடு மட்டுமே 47 கிலோ. கண்ணாடி நாரும் பிசினும் சேர்ந்த பலகையோ, மூன்று மில்லிமீட்டர் கனம் வைத்தாலும், சதுர மீட்டருக்கு நாலரைக் கிலோதான். மொத்தம் 27 கிலோ. மீதப்படும் இருபது கிலோ அச்சிறுமியின் எடைக்கு ஏறக்குறைய ஈடு.

நாரையும் பசையையும் கூட்டி வலுவான பண்டம் செய்வது நம்மவர்க்குப் புதிதன்று. நம் பாட்டிமார் பழைய காகிதத்தை ஊறவைத்து, வெந்தயத்தோடு அரைத்துக் கூடை செய்யவில்லையா? நார் இழுவையைத் தாங்கும். பசை நாரை இடம் பெயராமல் பிடித்துக்கொள்ளும். அவ்வளவே இரகசியம். கிழக்கு ஜெர்மனியில் இரும்புத் தகடு அரிதாயிருந்த காலத்தில், பஞ்சுக் கழிவையும் பிசினையும் சூட்டில் அழுத்திச் செய்த பலகைகளைப் போர்த்தி, 1957 முதல் 1991 வரை டிராபண்ட் கார்களை முப்பது இலட்சத்துக்கு மேல் செய்தனர். அமெரிக்காவில் 1953இல் வந்த கார்வெட் காருக்கும், பெங்களூரில் 1982இல் வெளிவந்த சிபானி டால்பின் காருக்கும் கண்ணாடி நார் உடலே.

இவ்வித்தைக்கு அவ்வளவு தூரம் போவானேன்? 1963 நவம்பர் 21ஆம் நாள் முதல் ராக்கெட்டு பறந்த தும்பா நமக்கு அண்டை ஊர். இராமேசுவரத்துத் தமிழரான அப்துல் கலாம் அங்கே கண்ணாடி நார்ப் பொருள்களில் உழைத்தவர். 1980 ஜூலை 18இல் ரோகிணியை ஏற்றிச் சென்ற எஸ்.எல்.வி.-3இன் மேலடுக்குகளின் கூடு அத்தகைய பொருளால் ஆனது. பிற்காலத்தில் ஐதராபாத்தில் கால் ஊனமுற்ற குழந்தைகள் மூன்று கிலோவுக்கு மேற்பட்ட உலோகக் கட்டுகளை இழுத்து நடப்பதைக் கண்டு, அவரும் அவருடைய குழுவினரும் ஏவுகணைக்கான இலேசுப் பொருளைக்கொண்டு முந்நூறு கிராம் எடையில் கட்டுகள் செய்து கொடுத்தனர். இச்செய்தியை நம் நண்பரிடம் கூறியபோது அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாளே தகடுகளைக் கழற்றிவிட்டார்.

பொருளுக்கும் பயிற்சிக்கும் அவரைக் கடற்கரைக்கு அனுப்பினோம். முட்டம் முதல் விழிஞ்ஞம் வரையுள்ள கரைகளில் கட்டுமரத்துக்குப் பின் ஒட்டுப்பலகைப் படகும் பைபர் படகும் பரவின. கண்ணாடி நார் வேலையை அங்குள்ள படகுத் தொழிலாளரைப் போல் கற்பிக்க வல்லவர் இப்பக்கத்தில் இலர் என்பது நம் கருத்து. சதுர மீட்டருக்கு 450 கிராம் உள்ள மேட் ஒன்றை ரெசினில் நனைத்தால் சுமார் ஒரு மில்லிமீட்டர் கனம் வரும். ஆகவே மூன்று அடுக்கு. அச்சுக்கு மெழுகு நன்றாகத் தேய்க்காவிடில் பலகை அச்சோடு ஒட்டி, இரண்டும் பாழாகும். ஹார்டனரையும் கோபால்ட்டையும் ஒருபோதும் நேரே கலக்கலாகாது, வெடித்துவிடும். ஒன்றை ரெசினில் முற்றும் கலக்கிய பின்னரே மற்றது. திறந்த வெளியில், முகமூடியும் கையுறையும் அணிந்து செய்க. குழந்தைகள் அருகில் வேண்டாம்.

நண்பர் ஒரு தவறு செய்தார். இரண்டு மெல்லிய பலகைகளுக்கு நடுவே இலேசான பொருளை வைத்தால் எடை ஏறாமல் விறைப்பு மிகும் என்பது உண்மை. கனம் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும். அதனை நம்பி, பெட்டிகளில் வரும் தெர்மகோலை நடுவில் வைத்து ரெசினைப் பூசினார். சற்று நேரத்தில் தெர்மகோல் கரைந்து கூழாயிற்று! பாலியெஸ்டர் ரெசினிலுள்ள ஸ்டைரீன் அதனைக் கரைத்துவிடும். பாலியூரிதேன் நுரைப்பலகையாயின் தாங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமையும் நாலு கிலோ ரெசினும் போயின.

நம் ஊர்க் கயிற்று நார் ஆகாதா என்று பலரும் கேட்கின்றனர். திருவனந்தபுரத்து மண்டல ஆய்வகத்தினர் 1980களிலேயே தென்னை நாரையும் பாலியெஸ்டரையும் சேர்த்து ஆராய்ந்துள்ளனர். காரத்தில் ஊறவைத்தால் பிசின் நன்றாகப் பற்றும். ஆயினும் தென்னை நார் நீளுமேயன்றி, கண்ணாடி நாரைப்போல் விறைத்து நில்லாது. உட்புறப் பலகைக்குக் கொள்ளலாம், முகப்புக்கு வேண்டாம்.

இன்னொன்று. இப்பலகை போர்வையே, பாரம் தாங்க இரும்புச் சட்டம் இருந்தே தீரவேண்டும். மின்கலத்துக்கும் இருக்கைக்கும் நடுவே இரும்புத் தகட்டையே வைக்கச் சொன்னோம், ரெசின் தீப்பற்றும். மேலும், இத்தகைய வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்ட நினைப்பவர், சோதனை நிலையத்தின் சான்றும் பதிவும் இன்றி ஓட்டலாகாது. நண்பரின் வண்டி தோப்புக்குள் மட்டுமே.

சென்ற வாரம் முகப்புப் பலகை அச்சிலிருந்து நல்லபடி கழன்றது. பழைய தகட்டையும் அதனையும் தராசில் வைத்தோம்: அது 6 கிலோ 300 கிராம், இது 3 கிலோ 600. சிறுமி புதியதைத் தன் மடியில் வைத்துப் பார்த்து, வண்ணம் நீலமாக வேண்டும் என்றாள். கதவுகளும் கூரையும் மீதி; ஈரக் காற்றில் ரெசின் சரியாக இறுகாதாகையால், ஐப்பசி மழை ஓயட்டும் என்று அச்சுகளைச் சாக்கினால் மூடி வைத்திருக்கிறார்.