பகலில் ஓடிய நிரல் இரவில் நின்றது ஏன்?



ஆசிரியர் வகுப்பில் இருக்கும்போது ஒருவிதமாகவும், வெளியே சென்றதும் வேறுவிதமாகவும் நடந்துகொள்ளும் மாணவர்களை நாம் அறிவோம். கணினி நிரலும் சில வேளைகளில் அவ்வாறே நடப்பதுபோல் தோன்றுகிறது. அதன் காரணத்தை இன்று ஆராய்வோம்.

கணினியின் முன் அமர்ந்து, கட்டளையைத் தட்டி, திரையில் விடை காண்பது நேர்முக இயக்கம். அருகில் ஆளில்லாமல், குறித்த நேரத்தில் நிரல் தானே ஓடுவது தொகுதி இயக்கம். லினக்ஸ் கணினிகளில் அவ்வாறு ஓட்டிவிடுவது 'கிரான்' என்னும் நிரல். 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இது இருந்தது.

எங்கள் தோட்டப் பள்ளியின் மாணவர் வருகைப் பதிவை ஒவ்வோர் இரவும் வேறொரு வட்டில் படியெடுக்க, பைத்தான் மொழியில் சிறு நிரல் ஒன்றை எழுதினோம். கையால் ஓட்டியபோது அது பிழையின்றி ஓடியது. பிறகு கிரானிடம் ஒப்படைத்தோம். காலைதோறும் தேதியிட்ட கோப்பு இருந்தது. நாங்களும் நிம்மதியாக இருந்தோம். ஒருநாள் கணினியின் வட்டு பழுதடைந்தது. படிகளைத் திறந்தால், ஒவ்வொன்றிலும் மலாய்த் தலைப்பு வரி மட்டுமே இருந்தது. ஒரு பிள்ளையின் பெயர்கூட இல்லை! வகுப்பு வருகை ஏடுகளைப் பார்த்து அத்தனையையும் மீண்டும் தட்டச்சு செய்தோம்.

நிரல் ஒன்றே, மாறியது அது ஓடிய சூழல். நாம் கணினிக்குள் நுழையும்போது மொழி, எழுத்துமுறை, கட்டளைகளைத் தேடும் பாதை முதலிய அமைப்புகள் நமக்காக ஏற்றப்படுகின்றன. கிரான் அவற்றுள் பலவற்றை ஏற்றுவதில்லை. மொழியமைப்பு இல்லாததால், எங்களிடமிருந்த பழைய பைத்தான் 128 குறிகள் மட்டுமே கொண்ட ஆஸ்கி முறையை எடுத்துக்கொண்டது. அதில் தமிழ் எழுத்து இல்லை. ரோமன் எழுத்திலிருந்த தலைப்பை எழுதியது; முதல் தமிழ்ப் பெயரில் நின்றுவிட்டது. பிழைச் செய்தியைக் கிரான் அஞ்சலாக அனுப்ப முயலும். அஞ்சல் அமைப்பு இல்லாத எங்கள் கணினியில் அச்செய்தியும் தொலைந்தது.

இதைக் கண்டறிந்த வழி எளியது. சூழல் அமைப்புகளைக் கோப்பில் எழுதும் கட்டளையைக் கையால் ஒருமுறையும், கிரான் வழியே ஒருமுறையும் ஓட்டினோம். இரு கோப்புகளையும் அருகருகே வைத்ததும் வேறுபாடு புலப்பட்டது. படிக்கோப்பைத் திறக்கும் வரியில் 'யுடிஎஃப்-8' என்று வெளிப்படையாகக் குறித்தோம், தொல்லை தீர்ந்தது.

2018-இல் வந்த பைத்தான் 3.7 இந்தச் சிக்கலைப் பெரிதும் குறைத்துவிட்டது. எனினும் வேறு இடர்கள் உள்ளன. முழுப் பாதையை எழுதாவிட்டால், நிரல் வேறொரு கோப்புறையில் போய்த் தேடும். 'தொடரலாமா?' என்று அது கேட்டால், பதில் சொல்ல இரவில் ஆளிருக்காது. ஆகவே முழுப் பாதையை எழுதுங்கள், கேள்விகளை நீக்குங்கள், பிழைச் செய்திகளைத் தனிக் கோப்பில் சேருங்கள்.

நேயர்களே, கையால் பத்துமுறை ஓட்டிப் பார்ப்பது இரவு ஓட்டத்திற்குச் சான்றாகாது. கோப்பு இருக்கிறதா என்று பார்ப்பதோடு நில்லாமல், அதைத் திறந்து, உள்ளே பிள்ளைகளின் பெயர்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.